அழித்துப்போட்ட சண்டைகள்

எங்கள் வீட்டுக் கணினி படுத்துக்கொண்டதற்கு யார் காரணம் என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் இன்றுவரை உடன்பாடு கிடையாது. அம்மா கிரிக்கெட் என்பார். நான் அம்மா என்பேன். அதைத் திருத்திக் கொடுத்த கொட்டாஞ்சேனைக்காரர் எங்கள் இருவரின் வழக்கையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் மிஸ் செஞ்ச வேலதான்" என்று என்னைக் காட்டித் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

சமாதானம் முறிந்து, கொழும்பில் சோதனைச் சாவடிகள் மறுபடியும் பெருகியிருந்த காலம் அது. நானும் அம்மாவும் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்றில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம். அதில் கணவரோடு இருந்தது பதினாறு நாள். அவர் வெளிநாட்டில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை பார்த்தவர். லீவு முடிந்ததும் போய்விட்டார். விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு நான் காத்திருந்தேன். அன்றைய வெள்ளவத்தையில் அப்படிக் காத்திருந்த பெண்கள் ஒழுங்கைக்கு நாலு பேராவது இருப்பார்கள். மரக்கறிக் கடையில் ஒருவரையொருவர் கண்டால் கத்தரிக்காய் விலைக்கு முதல் விசாவைத்தான் விசாரிப்போம்.

கடைசியில் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று கிழமை தள்ளி ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகம். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் தொடர்பில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள் என்று ஒரு வரி. அந்த வரிதான் எல்லோரையும் கவிழ்க்கிற வரி. எங்கள் கட்டடத்திலேயே இரண்டு பேருக்கு, "இது உண்மையான திருமணம் என்று எங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை" என்று மறுத்துவிட்டார்கள். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ. எனக்கு அப்போதே முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பதினாறு நாள் பார்த்த முகம் எனக்கு மறக்கத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

தொலைபேசியில் கதைத்ததற்கு ஆதாரம் இல்லை. எல்லாம் சுரண்டி இலக்கம் பார்க்கிற கார்ட்டுகள். பில் என்று ஒன்று வருவதில்லை. இருந்த ஒரே ஆதாரம் கணினியில் எழுதி எழுதிக் கதைத்த கதைதான். அவருக்கு இரவு வேலை முடிகிற நேரம் எனக்குப் பின்னேரம். வேலைத்தலத்துக் கணினியில் அவர் இருப்பார், இங்கே நான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருப்போம். அவருடைய பக்கத்தில் எதுவும் தங்காது, அது கம்பனிக் கணினி. என்னுடைய பக்கத்தில் ஒவ்வொரு நாள் கதையையும் நான் கணினியின் 'டி' பகுதியில் திகதி போட்டுச் சேமித்து வைத்தேன். எட்டரை மாதக் கதை.

இந்த இடத்தில்தான் அம்மா உள்ளே வருகிறார். கடிதம் வந்த அன்று, "உதெல்லாத்தையும் ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு" என்றார். வாசித்தேன். மூன்றாம் நாள் கதையிலேயே நிறுத்தச் சொன்னார்.

"இதென்ன பிள்ளை, உப்பிடிச் சண்டை பிடிச்சிருக்கிறாய்? உதை வெள்ளைக்காரர் வாசிச்சா என்ன நினைப்பினம்?"

"புருஷன் பெண்சாதி எண்டு நினைப்பினம்."

"விசர்க்கதை கதையாதை. குடும்பச் சண்டையை வீட்டுக்கு வெளியிலை ஆரும் கொண்டுபோறவையே? வெட்டு."

அம்மா சொன்னதில் எனக்கும் பாதி உடன்பாடுதான். சண்டை பிடிக்கிறவர்களுக்கு விசா கொடுப்பார்களா என்ற யோசனை எனக்கும் இருந்தது. ஆகவே புதிதாக ஒரு ஆவணம் திறந்து, நல்ல கதைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து அதில் ஒட்டினேன். சண்டைகள் போயின. பிறகு கொஞ்சல் குலாவல்களும் போயின. அவற்றை அந்நிய மனிதர் வாசிப்பது சண்டையை வாசிப்பதை விடக் கேவலம் என்பது அம்மாவின் கட்சி. மாமியார் வீட்டைப் பற்றி நான் சொன்னவை போயின. நாட்டு நிலவரம் கதைத்தது, சாவடியில் மறித்தது, எல்லாம் போயின, அதுகள் வில்லங்கம். இரண்டு கிழமை வெட்டிக் கொத்திய பிறகு மிஞ்சியது இதுதான்: "சாப்பிட்டீரா?" "ஓம், நீங்கள்?" "சாப்பிட்டன். என்ன கறி?" "மீன்." இப்படியே தொண்ணூறு பக்கம். வாசித்தால் கல்யாணம் கட்டியவர்கள் மாதிரி இல்லை, ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிற இரண்டு பேர் மாதிரி இருந்தது. அம்மாவுக்கு நல்ல திருப்தி. பழைய கோப்புகள் வீட்டிலேயே இருக்கக்கூடாது, பொலிஸ் வந்து கணினியைப் பார்த்தாலும் மானம் போகும் என்று, 'டி'யில் இருந்த அசல் முழுவதையும் என்னைக்கொண்டே அழிப்பித்தார். குப்பைத்தொட்டியையும் காலியாக்கினேன்.

நேர்முகத்துக்கு மூன்று நாள் முந்தி, வெள்ளிக்கிழமை பின்னேரம் அச்சடிக்க வேண்டும். கீழ் ஃபிளாட்டில் ஒரு பிரிண்டர் இரவல் வாங்கினேன். அதைக் கொழுவினால், உன் கணினி பழசு, முதலில் அப்டேட் போடு, பிறகுதான் நான் வேலை செய்வேன் என்கிறது அது. அப்டேட் சீடியும் அதே வீட்டில் இருந்தது. போட்டேன். முடியும்வரை கணினியை நிறுத்த வேண்டாம், இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் என்று திரை சொன்னது. எங்கள் கட்டடத்தில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுவது பின்னேரம் ஒரு மணி நேரம். நான் குளிக்கப் போனேன்.

தலையில் சவர்க்காரம் போட்டிருக்கும்போது வெளியே டமார் டமார் என்று கேட்டது.

எங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. இடி என்றால் வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் கழற்ற வேண்டும். மற்றச் சத்தமென்றால் காஸைப் பூட்டிவிட்டு அடையாள அட்டையைக் கையில் எடுக்க வேண்டும். எதுவென்று தெரியாவிட்டால் இரண்டையும் செய்ய வேண்டும். அன்றைக்கு அது இடியும் இல்லை, மற்றதும் இல்லை. கிரிக்கெட்டில் இலங்கை வென்றிருந்தது, காலி வீதியில் சீனவெடி கொளுத்தினார்கள். நான் துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, பிரிட்ஜ், டிவி, அயன் பொக்ஸ், கணினி என்று எல்லா வயர்களும் தரையில் கிடந்தன. அம்மா இரண்டு பேரின் அடையாள அட்டையையும் தமிழர் வீட்டுக்கு வீடு வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் தாளையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"கழட்டிப்போட்டன் பிள்ளை. ஒண்டுக்கும் யோசிக்காதை" என்றார்.

திரும்பக் கொழுவினேன். கணினி உயிர் வந்தது, ஒரு வெள்ளைக் கோடு ஓடியது, அணைந்தது. மறுபடி தானாகவே உயிர் வந்தது, கோடு ஓடியது, அணைந்தது. இருபது தரம் பார்த்தேன். இருபது தரமும் அதே கூத்து.

எனக்கு அவசரக் கோபம். அன்றைக்கும் அப்படி, இன்றைக்கும் அப்படி. கணினி வாங்கியபோது தந்த பழைய சீடியைத் தேடி எடுத்துப் போட்டேன். நீலத் திரையில் வரிவரியாக ஏதோ கேள்வி கேட்டது. நான் ஒன்றையும் வாசிக்கவில்லை. என்ட்டர், என்ட்டர், என்ட்டர். அது எல்லாவற்றையும் புதிதாக எழுதத் தொடங்கி, பாதி வழியில் சீடியில் ஒரு கீறலில் தடுக்கி நின்றது. இப்போது வெள்ளைக் கோடும் வரவில்லை.

கார்ட் ஒன்று சுரண்டிக் கணவருக்குக் கோல் எடுத்தேன். பாவம், நித்திரையில் இருந்து எழும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"டி-யிலை ஒரிஜினல் இருக்குமே. பயப்படாதையும்" என்றார்.

"ம்ம்..." என்று இழுத்தேன்.

"என்ன, அதுக்கும் ஏதும் நடந்ததோ?"

"அழிச்சிட்டன்."

"ஏனப்பா?"

"நீங்கள் சண்டை பிடிச்சதெல்லாம் அதுக்குள்ள இருந்தது."

"நான் பிடிச்சதோ?" என்று அவர் கேட்க, அதிலிருந்து புதிதாக ஒரு சண்டை தொடங்கி, சூடு பிடிக்கும்போது கார்ட் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை. வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கணினி திருத்துகிற கடையில் ஒரு கிழமை கேட்டார்கள். உள்ளே இருப்பது போனது போனதுதான், அதை எடுக்க வேண்டுமென்றால் கொட்டாஞ்சேனையில் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போங்கள் என்று விலாசம் எழுதித் தந்தார்கள். த்ரீவீல் ஆட்டோ ஒன்று பிடித்தோம். அம்மா வருவதாகவே இல்லை, பிறகு நான் தனியப் போனால் சாவடியில் என்ன ஆகுமோ என்று அடையாள அட்டைகளும் பொலிஸ் பதிவும் இருந்த ஃபைலோடு வந்து ஏறினார். கணினிப் பெட்டியை அவரே தன் கையால் பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றியிருந்தார். தூசி படக்கூடாதாம், ஒழுங்கைச் சனத்தின் கண்ணும் படக்கூடாதாம்.

போர்க்காலக் கொழும்பில் இரண்டு தமிழ்ப் பெண்கள், ஒரு கனத்த இரும்புப் பெட்டியைத் துணியில் சுற்றி, வயர் வெளியே தொங்கத் தொங்க மடியில் வைத்துக்கொண்டு பயணம் போகலாமா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சாவடியில் அந்த ஆமிப் பையன் குனிந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. அவன் முகம் மாறியது. துவக்கைச் சரிசெய்துகொண்டு இரண்டடி பின்னால் போனான்.

"மொகக்த மே?" என்ன இது என்று கேட்டான்.

"கொம்பியூட்டர் எகக், மல்லி. கெடிலா" என்றேன். கணினி, தம்பி, பழுதாகிவிட்டது.

அவிழ்க்கச் சொன்னான். அம்மா போட்டிருந்த முடிச்சு அவிழவில்லை. அம்மா பல்லால் அவிழ்த்தார். ஒரு வழியாகப் பெட்டி வெளியே வந்தது. முன்பக்கத்தில், சரஸ்வதி பூசைக்கு அம்மா வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் அப்படியே இருந்தன. பையன் அந்தப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டோர்ச் அடித்து மின்விசிறித் துளைகளுக்குள் பார்த்தான். என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டான். அப்டேட் போடும்போது அம்மா பிளக்கைக் கழற்றிவிட்டார், உள்ளே என் கணவரின் கடிதங்கள் இருக்கின்றன, திங்கட்கிழமை வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் முகம் லேசானது. தன் அக்காவின் கணினிக்கும் இதேதான் நடந்தது, தொடங்கும்போது எஃப் எட்டை அமத்திப் பார்த்தீர்களா என்று கேட்டான்.

கடந்த ஒரு நாளில் எனக்கு எஃப் எட்டை அமத்தச் சொன்ன ஏழாவது ஆள் அவன். பார்த்தேன் மல்லி என்றேன். கவலையாகத் தலையை ஆட்டிவிட்டு, விரிப்பைத் தானே பெட்டிமேல் போட்டு அனுப்பிவைத்தான். பொரளை தாண்டும்வரை அம்மாவின் கை என் முழங்கையை விடவில்லை. பிறகு, "நல்ல பெடியன்" என்றார்.

கொட்டாஞ்சேனைக் கடை ஒரு புடைவைக்கடைக்கு மேலே இருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும் முஸ்லிம் மனிதர், தாடி, சட்டைப் பையில் மூன்று ஸ்க்ரூட்ரைவர், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்கிற பேச்சு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதை சொல்லத் தொடங்க, அவர் கையைக் காட்டி, "ஒவ்வொராளா" என்றார். கேட்டு முடித்துத்தான் அந்தத் தீர்ப்பைச் சொன்னார்: "பிளக்க கழட்டினது ஒரு மாதிரி சமாளிக்கலாம். அதுக்குப் பொறகு சீடியப் போட்டு, ஈக்கிறதுக்கு மேல எழுதிட்டீங்க. எல்லாம் மிஸ் செஞ்ச வேலதான்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

அவர் பெட்டியைக் கழற்றி, உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, அதை மட்டும் கரண்டில் கொழுவினார். ஸ்க்ரூட்ரைவரின் முனையை அதன்மேல் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"சுத்துது. உசிரு ஈக்கி. நாளைக்குப் பகல் வாங்க. ஒங்கட ஃபைல் எது எண்டு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை போனபோது பெட்டியைத் தூசி தட்டித் துடைத்து வைத்திருந்தார். மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று இருந்தது. பொட்டைச் சுற்றிவரத் துடைத்து, பொட்டை மட்டும் விட்டிருந்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

என் டிஸ்க்கைத் தன்னுடைய கணினியில் பூட்டி, முதலில் 'சி' பகுதியைக் காட்டினார். என் தொண்ணூறு பக்க ஆவணம் அங்கேதான் இருந்தது. பெயர் கிடைத்தது. திறந்தால் சின்னச் சின்னச் சதுரங்கள், கேள்விக்குறிகள், நடுவில் எங்கோ ஒரு "meen". அவ்வளவுதான். அதற்கு மேலே நான் என்ட்டர் அமத்தி அமத்தி எழுதிவிட்டேன். வேறு வழியில் திறந்தார், இன்னொரு வழியில் திறந்தார். சதுரங்கள்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு நான் எதைக் கொண்டு போவேன்? கல்யாணப் படங்களை விண்ணப்பத்தோடேயே கொடுத்தாயிற்று. இனி இரண்டு வருடம் என்று மனது கணக்குப் போட்டுவிட்டது. அழுதேன், மறைக்கவில்லை. அம்மா என் முதுகைத் தடவினார். கொட்டாஞ்சேனைக்காரர் எழும்பிப் போய் பால் விடாத பிளேன்டி மூன்று கோப்பையோடு வந்தார்.

பிளேன்டி பாதியில், "டி-ய நீங்க தொடல்ல தானே?" என்று கேட்டார்.

"டி-யிலை ஒண்டும் இல்லை. எல்லாம் அழிச்சது."

"அழிச்சா எங்க போற? அதுக்கு மேல வேற ஒண்டும் எழுதாட்டி அங்கினேயேதான் ஈக்கும்." தட்டினார். ஒரு பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஊர்ந்தது. திரையில் வரிசையாகக் கோப்புகள் விழத் தொடங்கின. பெயர்கள் போய் வெறும் இலக்கங்களாக இருந்தன, ஆனால் ஒன்று, இரண்டு, பத்து, நூறு. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நடுவில் ஒன்றைத் திறந்தார். முழுசாக இருந்தது. ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. வாஷிங் மெஷின் சண்டை.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் கணவர் எனக்கொரு அதிசயம் காட்ட நினைத்து, நான் வருவதற்கு முதலே, கூட்டாளி ஒருவரிடமிருந்து பழைய வாஷிங் மெஷின் ஒன்று வாங்கி வீட்டில் இறக்கிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையே இல்லை. "நான் என்ன உங்கட உடுப்புத் தோய்க்கவோ வாறன்?" என்று நான் எழுதினேன். "நீர் தோய்க்கக் கூடாதெண்டுதானே மெஷின் வாங்கினனான்" என்று அவர் எழுதினார். அங்கிருந்து அவருடைய தாயாருக்குப் போய், என்னுடைய தாயாருக்கு வந்து, நான் படித்த படிப்புக்கு ஒரு மரியாதை இல்லையா என்று நான் கேட்க, பதினொரு பக்கம். கடைசியில் நான் ஒரு பெரிய பந்தி எழுதி அனுப்ப, அவரிடமிருந்து kkkkkkkkkk என்று நாலு வரி வந்திருந்தது. இரவெல்லாம் பெட்டி தூக்கிய மனிதர், விசைப்பலகையில் தலையை வைத்து நித்திரையாகிவிட்டார்.

கொட்டாஞ்சேனைக்காரர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, "நான் ஒண்டும் வாசிக்கல்ல மிஸ்" என்றார். கண் மட்டும் திரையிலேயே இருந்தது. கொஞ்சம் பொறுத்து, "ஒண்டு கேக்கவா? மெஷின திருப்பிக் குடுத்தாரா கடசீல?"

"இல்லை."

"நல்லம். பாவம் மனுஷன்" என்றார்.

அம்மா எழும்பி நின்றார். "பிள்ளை, உதுகளைக் கொண்டுபோகேலாது. வெறுங்கையோடை போறது இதைவிட மேல். உன்னை வாய்க்காரி எண்டு எழுதி வைப்பினம்."

"அப்ப திரும்ப வெட்டுவமா?" என்றார் கடைக்காரர். "நேரம் ஈக்கி. இஞ்சயே இருந்து செய்யுங்க."

அவருடைய கதிரையில் இருந்து வெட்டத் தொடங்கினேன். முதலாவது கோப்பை வாசித்தேன், இரண்டாவதை வாசித்தேன். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வந்தது. என் கணவர் என்னோடு கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கதைக்காமல் இருந்து, மூன்றாம் நாள், "இங்கை பனி கொட்டுது. உமக்குக் காட்ட ஆசையாய்க் கிடக்குது" என்று ஒரே வரி எழுதியிருந்தார். முன்னால் இருந்த சண்டையை எடுத்துவிட்டால் அந்த வரிக்கு ஒரு அர்த்தமும் இல்லை. மறக்கத் தொடங்கியிருந்த முகம் எனக்கு அந்தக் கதிரையில் இருக்கும்போது தெளிவாக வந்தது, நித்திரைக் கலக்கமும் பிடிவாதமுமாக. இதையெல்லாம் ஒரு தரம் அழித்தவள் நான். இரண்டாம் தரமும் அழிக்க எனக்குக் கை வரவில்லை.

"எல்லாத்தையும் பிரிண்ட் எடுங்கோ" என்றேன். "இருக்கிறபடியே."

அம்மா அந்தத் தாள் கட்டைக் கையால் தொடவும் மறுத்துவிட்டார், வீடுவரை நானே தூக்கினேன்.

திங்கட்கிழமை அம்மா விபூதி பூசிவிட்டுக் கூடவே வந்தார். அவரை வெளி அறையில் இருத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்கார அம்மையார், களைத்த முகம். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு கொழும்புத் தமிழ்ப் பெண். நான் ஒரு சாக்குப் பையளவு தாளைத் தடுப்புக்குக் கீழால் தள்ளினேன். அம்மையார் மேலே இருந்ததைத் தொடவில்லை. சீட்டுக்கட்டு மாதிரி நடுவில் பிரித்து, வந்த தாள்களை மற்றவரிடம் கொடுத்தார்.

மொழிபெயர்ப்பாளர் வாசிக்கத் தொடங்கி, நிறுத்தி, என்னை ஒரு தரம் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பிறகு சாட்சி சொல்கிறவர் மாதிரி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், ஆங்கிலத்தில் வாசித்தார். நான் என்ன உங்கள் உடுப்புத் தோய்க்கவா வருகிறேன். உங்கள் அம்மாதான் சொல்லிக் கொடுத்தாரா. மேசை இல்லாத வீட்டில் மெஷினுக்கு மேலே வைத்தா சாப்பிடுகிறது. எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. அம்மா சொன்னதுதான் சரி, இரண்டு வருடம், இரண்டு வருடம் என்று மண்டைக்குள் அடித்தது.

kkkk வரிகள் வந்தன. மொழிபெயர்ப்பாளர் அதிலே தடுமாறினார். அம்மையார் தாளை வாங்கிப் பார்த்தார். "இது என்ன?" என்றார்.

"அவருக்கு நித்திரை போட்டுது, மேடம்" என்றேன்.

அம்மையார் சிரித்தார். சத்தமாகத்தான் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல, மற்றவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "உங்களுக்கு முந்தி இண்டைக்கு மூண்டு பேர் வந்தவை. போன கிழமை பதினெட்டுப் பேர். எல்லாரும் கொண்டு வந்தது, சாப்பிட்டீரா, சாப்பிட்டன், என்ன கறி. அவ கேக்கிறா, உங்கட நாட்டிலை வேறை ஒண்டும் கதைக்கிறேல்லையோ எண்டு."

வெள்ளவத்தை முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அம்மா இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அம்மையார் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்க்காமலே எனக்கு விளங்கியது. மெஷினுக்கு என்ன நடந்தது?

"அது இன்னும் முடியேல்லை, மேடம். அங்கை போய்த்தான் முடிக்க வேணும்."

அதை மற்றவர் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க முதலே அம்மையார் எழுதத் தொடங்கிவிட்டார். கடவுச்சீட்டை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மறுக்கிறவர்களிடம் கடவுச்சீட்டை வாங்குவதில்லை என்பது விசாவுக்குக் காத்திருந்த எங்கள் எல்லோருக்கும் பாடம்.

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சலில் பிதற்றுகிறேனோ என்று. பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இருக்க இடம் கிடைத்தது. திருப்பித் தந்த தாள் கட்டு அம்மாவின் மடியில் இருந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு தாளை உருவினார். ஆங்கில எழுத்தில் தமிழை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வாசித்தார். பம்பலப்பிட்டி வந்தது.

"மெஷின் விஷயத்திலை பிழை உன்னிலைதான்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன், அம்மா கையைக் காட்டினார்.

"கொப்பர் பதுளைக் கந்தோரிலை ஒன்பது வருசம் வேலை. நான் ஊரிலை. கிழமைக்கு ஒரு கடிதம் வரும். நலம், நலமறிய ஆவல். நானும் அதைத்தான் எழுதினனான். சண்டை எண்டு ஒண்டு வந்ததேயில்லை." ஜன்னலால் வெளியே பார்த்தார். "பிறகு மாற்றம் கிடைச்சு வந்தார். வந்து மூண்டு வருசத்திலை கண்ணை மூடிப்போட்டார். என்னத்திலை அவருக்குக் கோபம் வரும் எண்டே எனக்குத் தெரியாது, பிள்ளை."

அப்பாவைப் பற்றி அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளவத்தையில் இறங்கும்போது, "இதை எனக்கு வைச்சிட்டுப் போ" என்று கட்டை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். திருத்திய கணினியையும், அதில் என்னோடு கதைக்கிற வழியையும் அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். வாஷிங் மெஷின் நல்ல மெஷின், அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன், கணவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா ஒற்றை விரலால் தட்டி எழுதப் பழகினார். முதல் மாதம் சாப்பிட்டியா, என்ன கறி என்றுதான் ஓடியது. பிறகு சண்டை தொடங்கினார். என் சமையல், என் சம்பளம், நான் மாமிக்குக் கோல் எடுக்காதது, எல்லாவற்றிலும் அம்மாவுக்கு ஒரு கட்சி உண்டு. நான் நியாயத்தை மடக்கிப் பிடித்து அம்மாவுக்குப் பதில் இல்லாமல் போகிற கட்டம் வந்தால், ஒரே வரி வரும்: "இடி முழங்குது, கழட்டுறன்." அதோடு ஆள் இல்லை. அங்கே நல்ல வெயில் எரிக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தக் கதைகள் எல்லாவற்றையும் திகதி போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றையும் அழிக்கவில்லை.